வியாழக்கிழமை ஜெபத்தில் நான் சொன்னது

கிளிநொச்சியை விட்டு ஓடி வந்து இரண்டாவது மாரி. முல்லைத்தீவு மாவட்டத்தின் உட்பக்கம், ஒரு குளத்தின் கீழ் இருந்த குடியேற்றத்தில் காணித்துண்டு கிடைத்து, மண்சுவர் எழுப்பி, கிடுகு வேய்ந்து இருந்தோம். அயலில் பெரும்பாலும் சைவக்காரர். எங்கள் சபையார் முப்பது குடும்பம் வரையில் அங்கும் இங்குமாய்ச் சிதறிப் போயிருந்தோம். வேதக்கோயில் கட்டடம், மணி, இருக்கிற வாங்குகள் எல்லாம் கிளிநொச்சியோடு போயிற்று. ஞாயிறு ஆராதனை பள்ளிக்கூடக் கொட்டில் ஒன்றில், அதுவும் போதகர் மூன்று இடங்களுக்குச் சைக்கிளில் ஓடவேண்டியிருந்ததால், மாதத்தில் ஒரு தடவைதான். வருகிறவர்கள் வருவார்கள், பின்னால் நிற்பார்கள், முடிந்ததும் ஒருவரோடொருவர் கதைக்காமல் போய்விடுவார்கள். சபை செத்துக்கொண்டிருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. அதற்காக நான் ஒன்றும் செய்யவில்லை என்பதும் உண்மை.

போதகர் இளந்தாரி. ஒரு ஞாயிறு அவர் எழுந்து, இனி ஐந்து வீடுகளில் ஐந்து சிறு குழுக்கள், கிழமையில் ஒருநாள் கூடுங்கள் என்றார். ஒரு வேதபகுதியை வாசித்து, அது உங்களுக்கு என்ன சொல்கிறது என்று ஒவ்வொருவரும் சொல்லவேண்டும். பிறகு தன் தன் மனப்பாரத்தைச் சொல்லி, மற்றவர் அவருக்காகச் சொந்த வார்த்தையில் ஜெபிக்கவேண்டும்.

"குசினிக்குள்ளையோ ஐயா சபை நடத்தப் போறியள்?" என்று கேட்டவள் நான்தான். கொட்டில் முழுக்கச் சிரித்தது.

"ஓம் ரீச்சர். முதல் குசினி உங்கடைதான்," என்றார் அவர்.

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது எனக்குப் புதிதில்லை.

அப்படித்தான் வியாழக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு எங்கள் வீட்டில் ஏழு பேர் பாயில் குந்தத் தொடங்கினோம். முதல் மூன்று கிழமையும் ஒரே கூத்து. பதினைந்து வருடம் ஒரே கோயிலில் அருகருகே இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வெட்கப்பட்டார்கள். ஒரு பெரியம்மா, என் அடுத்த வாங்கிலேயே அத்தனை காலமும் இருந்தவா, தன் மூத்த பிள்ளை பிறந்து எட்டாம் நாள் செத்ததை நாலாம் கிழமைதான் சொன்னா. அதை அவா யாருக்கும் சொல்லியிருக்கவில்லை. நான் அவாவின் முக்காட்டைப் பற்றியும் பாட்டுக் குரலைப் பற்றியும் பகிடி பண்ணியிருக்கிறேன். அன்றைக்கு எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது. அதற்குப் பிறகு வியாழக்கிழமையை நான் பார்த்திருக்கத் தொடங்கினேன்.

போதகர் வைத்த சட்டம் ஒன்றே ஒன்று. வீட்டில் சொன்னது வீட்டோடு நிற்கவேண்டும். மாதத்து முதல் ஞாயிறு ஐந்து குழுவும் கொட்டிலில் ஒன்றுகூடும்போது, ஒவ்வொரு குழுவிலும் ஒருவர் எழுந்து தங்கள் குழுவின் தேவைகளைச் சொல்லி ஜெபிக்கலாம். ஆனால் பாரத்துக்குச் சொந்தக்காரர் ஓம் என்றதை மட்டும்தான் அங்கே கொண்டுவரலாம். எங்கள் குழுவுக்கு எழுந்து ஜெபிக்கிறவள் நான்.

குழுவில் ஒரு பெண் இருந்தாள். முப்பது வயது இருக்கும், புருசன் ஷெல் விழுந்து செத்துப்போனான், ஒன்பது வயதில் ஒரே மகள். பிள்ளைக்கு வாதக்காய்ச்சல் வந்து நெஞ்சைப் பாதித்திருந்தது. மாதம் ஒரு பெனிசிலின் ஊசி, அதுவும் ஒன்றிரண்டல்ல, வளர்ந்து முடியும்வரை போடவேண்டும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு அந்த ஊசி வருவது நின்று மூன்று மாதம். அவள் வந்தால் வாசல் ஓரமாய் இருப்பாள், தேத்தண்ணி கொடுத்தால் குடிப்பாள், ஒன்றும் கதைக்கமாட்டாள்.

ஒரு வியாழக்கிழமை அவள் கதைத்தாள்.

"பிள்ளையை வவுனியாவுக்குக் கொண்டுபோகப் பாஸ் கேட்டிருக்கிறன். ஒரு மாதத்துக்குத்தான் குடுப்பினம். அண்ணை பிணை நிக்கிறார்," என்றாள். கொஞ்ச நேரம் பாயின் ஓலையை நகத்தால் கீறிக்கொண்டிருந்தாள். "ஆனால் நான் திரும்பி வரமாட்டன். இஞ்சை வந்தால் ஊசி இல்லை. அண்ணைக்கு இது தெரியாது."

வன்னியை விட்டு ஆமியின் பக்கம் இருக்கிற வவுனியாவுக்குப் போவதற்கு இயக்கத்தின் பாஸ் வேண்டும், பாஸுக்குப் பிணை வேண்டும், போனவர் வராவிட்டால் பிணை நின்றவர்தான் பதில் சொல்லவேண்டும். எங்கள் எல்லாருக்கும் அது மனப்பாடம். அவளுடைய தமையன் லொறியில் சாமான் ஏற்றி இறக்குகிறவர், வேறொரு குழுவில் இருக்கிறவர், நாலு பிள்ளைகளின் தகப்பன். மாதத்தில் இரண்டு தடவை வவுனியா போய்வந்தால்தான் அவர் வீட்டில் அடுப்பு எரியும். தங்கச்சி வராவிட்டால் அவருக்கு இனிப் பாஸ் இல்லை.

பிழையென்று சொல்ல எனக்கு நாக்கு எழும்பவில்லை. சரியென்றும் சொல்லவில்லை. பெரியம்மாதான் அவளுடைய தலையில் கையை வைத்து, "ஆண்டவரே, உமக்குத் தெரியும்," என்று மட்டும் ஜெபித்தா. அவாவுக்கு இருந்த புத்தியில் பாதி எனக்கு இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

முதல் ஞாயிறு வந்தது. கொட்டில் நிறைந்து போயிருந்தது, முன்பு பின்னால் நின்றவர்கள் முன்னால் வந்து இருந்தார்கள். என் முறை வந்ததும் எழுந்தேன். கண்ணை மூடினேன். எனக்கு எழுதிவைத்து ஜெபிக்கத் தெரியாது. உள்ளே இருப்பது அப்படியே வரும், வரும்போது நிறுத்தவும் தெரியாது. நல்ல ஜெபம் என்று நாலு பேர் சொல்லியிருந்தார்கள், அந்தப் பெருமையும் கொஞ்சம் இருந்தது. சுகவீனம், மழை, பரீட்சை எழுதும் பிள்ளைகள் எல்லாம் சொல்லி முடித்து, நான் சொன்னேன்: "கர்த்தாவே, பிள்ளையின் சுகத்துக்காகப் பிரயாணப்படும் உம்முடைய மகளை நினைத்தருளும். அவளைப் போகிற இடத்திலேயே நிலைநிறுத்தும்."

பெயர் சொல்லவில்லை. சொல்லத் தேவையிருக்கவில்லை. ஆமென் என்ற சத்தம் அரைவாசியில் நின்றது. கண்ணைத் திறந்தபோது ஆண்கள் பக்கத்தில் அவளுடைய தமையன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பின்னேரம் அவர் எங்கள் முற்றத்துக்கு வந்தார். தங்கச்சியையும் கூட்டிக்கொண்டுதான் வந்தார். சைக்கிளை விட்டு இறங்கவுமில்லை.

"ரீச்சர், போற இடத்திலை நிலைநிறுத்தும் எண்டால் என்ன கருத்து?"

நான் ஏதோ மழுப்பினேன். ரீச்சராய் இருந்து இருபது வருடம், ஒரு கேள்விக்கு அப்படி மழுப்பியது அன்றைக்குத்தான்.

"நீ சொல்லு," என்றார் தங்கச்சியிடம்.

"வரமாட்டன் அண்ணை," என்றாள் அவள். அவ்வளவுதான் சொன்னாள்.

அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குச் சுகமாய் இருந்திருக்கும். "என்னட்டைச் சொல்லியிருந்தால் நான் யோசிச்சிருப்பன்," என்றார். "ஊர் கேக்கச் சொல்லிப்போட்டியள். இனி நான் எப்பிடிக் கையெழுத்து வைக்கிறது? தெரிஞ்சுகொண்டு வைச்சவன் எண்டெல்லோ வரும்." போய்விட்டார். அவள் வேலிக் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னைத் திட்டவில்லை. பாஸ் தருவதாய்ச் சொன்ன நாளுக்கு ஐந்து நாள்தான் இருந்தது.

அன்றிரவு நடந்ததையெல்லாம் வீட்டில் சொன்னேன். என் மனிசன் கதிரையில் இருந்தபடி, "செய்ததை நீயே சீர்ப்படுத்து," என்றார். எனக்கு விளங்கியது. அடுத்தநாள் காலை அவளைக் கூட்டிக்கொண்டு பாஸ் கொடுக்கிற கந்தோருக்குப் போனேன்.

மேசைக்குப் பின்னால் இருந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தமையன் எண்டு போட்டிருக்கு. நீங்கள் என்ன முறை?"

"ஒரே சபை."

"ரத்த உறவோ?"

"இல்லை. ஒரே பாயிலை இருந்து ஜெபிக்கிறனாங்கள்."

அவர் பேனையைக் கடித்து யோசித்தார். அந்தக் கட்டத்துக்குள் அப்படி ஒரு உறவை எழுத இடம் இல்லைப் போலும். கடைசியில் அயலவர் என்று எழுதினார். நான் கையெழுத்து வைத்தேன். அப்போது அதில் எனக்குப் பெருமையாகவும் இருந்தது.

பஸ் ஏறுமிடத்தில் பிள்ளையின் தலையைத் தடவிவிட்டு, தாயின் காதோடு சொன்னேன்: "திரும்பிப் பாராதை. போய் இரு. இஞ்சை நான் பாத்துக்கொள்ளுறன்." அப்போது நான் முழு மனதோடுதான் சொன்னேன். இன்றைக்கும் அதில் எனக்குச் சந்தேகமில்லை.

முதல் வியாழக்கிழமை அவளுடைய இடம் வெறுமையாய்க் கிடந்தது. போதகரும் வந்திருந்தார். நான் செய்ததை அறிந்து, "ரீச்சர், இதைத்தான் நான் சபை எண்டு சொன்னது," என்றார். எல்லாரும் என்னை ஒரு மாதிரி மரியாதையாய்ப் பார்த்தார்கள். குழு பத்துப் பேராகியது, பிறகு பதின்மூன்றாகியது. பாய் காணாமல் சாக்கு விரித்தோம். சபை உயிர்த்தது என்று யாராவது எழுதினால் அது பொய்யில்லை. ஒருவர் கூரை ஒழுகினால் நாலுபேர் கிடுகோடு வந்து நின்றார்கள். அவளுடைய தமையன்கூட அந்த நாட்களில் எங்கள் வீட்டுக்கு வந்து விறகு கொத்திப் போட்டுவிட்டுப் போனார்.

இரண்டாம் கிழமை, பக்கத்துக் குடியேற்றத்தில் பிணை நின்ற ஒருவரைக் கந்தோருக்குக் கூப்பிட்டு, நாள் முழுக்க வைத்திருந்து விசாரித்தார்கள் என்று கதை வந்தது. மறுநாளும் வரச் சொன்னார்களாம். எவ்வளவு உண்மையோ தெரியாது. அன்றிலிருந்து படலை திறக்கிற சத்தம் கேட்டாலே எழும்பி எட்டிப் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைக் காரணமில்லாமல் ஏசினேன். மனிசனோடும் எரிந்து விழுந்தேன். போ என்று சொன்னவளும் நான்தான், வந்துவிடு என்று உள்ளே கத்திக்கொண்டிருந்தவளும் நான்தான்.

மூன்றாம் வியாழக்கிழமை என் முறை. கண்ணை மூடினேன். கண்ணை மூடினால் எனக்குப் பொய் வராது, அதுதான் என்னுடைய கேடு. "ஆண்டவரே, தாயையும் பிள்ளையையும் பத்திரமாய் எங்களட்டைத் திருப்பிக் கொண்டுவாரும்," என்று வந்துவிட்டது. அழுகையோடு வந்தது. பதின்மூன்று பேரும் ஆமென் சொன்னார்கள். ஒருவரும் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. எனக்கோ நெஞ்சு லேசாகியது. அதனால் அடுத்த வியாழனும் அதையே ஜெபித்தேன். அந்த இரண்டு வியாழனுக்கும் இடையில், கண்ணில் வெள்ளை படர்ந்ததை வெட்டுவதற்காக எங்கள் பெரியம்மா வவுனியாவுக்குப் போனா. அவா எதையும் கெட்ட எண்ணத்தில் சொல்லுகிற ஆள் இல்லை.

பாஸ் முடிய இரண்டு நாள் இருந்தது. சனிக்கிழமை காலை, முற்றத்தில் நெல்லுக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். படலை திறந்தது. அவள் நின்றாள், கையில் ஒரு பை, செருப்பெல்லாம் புழுதி.

"அப்பாடா," என்றேன். வாய்விட்டுத்தான் சொன்னேன். அப்படியே நிலத்தில் குந்திவிட்டேன்.

"ஓம் ரீச்சர், வந்திட்டன்," என்றாள் அவள்.

அதற்குப் பிறகுதான் அவளுக்குப் பக்கத்தில் பிள்ளை இல்லை என்பதைக் கண்டேன்.

"பிள்ளை எங்கையடி?"

"பிள்ளையள் விடுதி ஒண்டிலை சேர்த்துவிட்டிட்டன். மாதா மாதம் ஊசிக்குக் கூட்டிக்கொண்டு போவினமாம். இனி எனக்கு எப்ப பாஸ் கிடைக்குதோ தெரியாது." பையை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றினாள். "பெரியம்மாவை ஆஸ்பத்திரியிலை கண்டனான். நீங்கள் அழுது ஜெபிக்கிறதைச் சொன்னவா. உங்களுக்குப் பயம் எண்டு விளங்கினது."

பிள்ளை அழுததோ என்று கேட்டேன்.

"இல்லை," என்றாள். "ரீச்சர் பாவம், நீங்கள் போங்கோ அம்மா எண்டு அவள்தான் என்னை அனுப்பினவள்."