பசை போடாத வெள்ளை

அந்தச் சுரங்கப்பாதையில் நடக்கும்போதெல்லாம் அப்பா இடது கையின் நடுவிரலைச் சுவரில் வைத்து இழுத்துக்கொண்டே போவார். படிக்கட்டு வெளிச்சம் வந்ததும் விரலைத் திருப்பிப் பார்ப்பார். வெள்ளைத் தூள் ஒட்டியிருந்தால் சட்டையில் துடைத்துவிட்டு நிம்மதியாகப் படியேறுவார். பள்ளிக்கூடப் பையைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் ஓடிய காலத்திலிருந்தே மகள் இதைப் பார்த்திருக்கிறாள். தான் அடித்த வெள்ளை நிற்கிறதா என்று பார்க்கிறார் போலும் என்று நினைத்துக்கொள்வாள். தூள் ஒட்டினால் வேலை மோசம் என்றுதானே அர்த்தம், இவர் எதற்கு நிம்மதியாகிறார் என்று கேட்க அவளுக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

அப்பாவுக்கு நகரசபையில் வெள்ளையடிக்கும் வேலை. சுவரொட்டி, கோஷம், காதலர் பெயர், எச்சில் கறை, எது கண்ணை உறுத்தினாலும் மறைக்க அவரைத்தான் அனுப்புவார்கள். கூட்டாளிகள் அவருக்கு வைத்த பெயர் வெள்ளைக்காரர். "வெள்ளைக்காரரு இன்னும் நாட்டை விட்டுப் போகலையா?" என்று ஓய்வு பெறும் நாள் வரை கிண்டலடித்தார்கள். அவரும் சிரிப்பார். ஊரில் எந்தச் சுவரை வேண்டுமானாலும் அடுத்தவருக்கு விட்டுக்கொடுப்பார், சுரங்கப்பாதைச் சுவரை மட்டும் விடமாட்டார். ஒருமுறை காய்ச்சலோடு எழுந்து வாளியைத் தூக்கியபோது, "நீங்க அந்தச் சுவரையே கட்டிக்கிட்டிருக்கலாம்" என்றாள் அம்மா.

மகள் அந்த வீட்டின் முதல் பட்டதாரி. நகரத்துச் சிலைகளையும் சுவரோவியங்களையும் மக்களுக்குக் காட்டும் ஒரு சிறிய அமைப்பில் வேலைக்குச் சேர்ந்தாள். பீடத்தில் சுரண்டப்பட்ட பெயர் யாருடையது, பூங்காவின் அடியில் புதைந்த தெரு எது என்று ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டத்தை அழைத்துப் போய்ச் சொல்லுவாள். கேட்பவர்கள் வியந்தால் அவளுக்குப் பெருமையாக இருக்கும். அமைப்பு புதிய ஓவியங்களும் வரையச் செய்தது. அதற்குச் செலவு செய்ய ஒரு கட்டட நிறுவனம் முன்வந்தது. அதன் மேலாளர் குரலை உயர்த்தாத, எப்போதும் லேசாகச் சிரிக்கிற மனிதர். எந்தச் சுவர் என்ற பேச்சு வந்தபோது அவள் சுரங்கப்பாதைச் சுவரைக் கேட்டு வாங்கினாள். ஆயுள் முழுக்க வெறும் வெள்ளையடித்த அப்பாவை, முடிந்த ஓவியத்தின் முன் கொண்டுபோய் நிறுத்தவேண்டும் என்று ஆசை. அதனால் வீட்டில் மூச்சு விடவில்லை.

ஒருநாள் சாயங்காலம் அப்பா வீட்டு வாசலிலேயே நின்றார். நடுவிரலை நீட்டிப் பிடித்திருந்தார். அதில் ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை.

"அந்தச் சுவருக்கு என்னம்மா ஆச்சு?"

அவளால் அதற்குமேல் ரகசியம் காக்க முடியவில்லை. "நாங்கதான் பிரைமர் அடிச்சிருக்கோம்பா. பெரிய ஓவியம் வரப்போகுது. நானே கேட்டு வாங்கின சுவரு."

"எண்ணெய் பிரைமரா?"

ஆமாம் என்றாள். அப்பா உள்ளே வந்து உட்கார்ந்தார். வைத்த சோறு ஆறிப்போனது.

மறுநாள் காலை அவரும் வீட்டில் இல்லை, சுரண்டும் தகடும் இல்லை. அவள் சுரங்கப்பாதைக்கு ஓடினாள். அலுவலகம் போகும் கூட்டம் முனகிக்கொண்டே விலகி நடக்க, அப்பா முட்டிபோட்டுச் சுவரைச் சுரண்டிக்கொண்டிருந்தார். படிக்கட்டு ஓரத்தில் பைகளுக்கு ஜிப் தைத்துக் கொடுக்கும் தையல்காரம்மா மிஷினை நிறுத்திவிட்டு அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா அவளைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார், மகளுக்கு அவள் அத்தை.

"என்ன அத்தை இது?"

"உள்ள நாலு பேரு இருக்காங்கம்மா. அதுல ஒருத்தர் எங்கண்ணன்."

மீதியை அவள் நூல் பிரிப்பதுபோல மெதுவாகச் சொன்னாள். கிடங்குத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்த காலம். நான்கு பேர் பேச்சுவார்த்தைக்கு என்று கிடங்குக்குள் போனார்கள், திரும்பி வரவில்லை. கூட வேலை பார்த்தவர்கள் அவர்களுடைய முகங்களை இந்தச் சுவரில் எனாமலில் வரைந்தார்கள். அந்த வாரமே அதை மறைக்க உத்தரவு வந்தது. வெள்ளைக்காரரை அனுப்பினார்கள். முடிக்கும் வரை ஒரு ஆள் அவர் முதுகுக்குப் பின்னாலேயே நின்றான். தையல்காரம்மா ஓடிவந்து வாளியைப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய வீட்டிலிருந்த போட்டோக்களை எல்லாம் சோதனையில் அள்ளிப் போயிருந்தார்கள். அண்ணனுக்கு மிஞ்சியிருந்த முகம் அந்தச் சுவரில்தான்.

"அப்பத்தான் உங்கப்பா வாய அசைக்காம சொன்னாரு. 'சுண்ணாம்புல பசை போடல தங்கச்சி. ஈரச் சாக்கால துடைச்சா வந்துடும். நேரம் வரட்டும், என் கையாலயே துடைச்சுத் தர்றேன்'னு. பல தடவ கேட்டேன். இன்னும் கொஞ்ச நாள்னாரு. அவருக்குப் பயம். எனக்கு மட்டும் இல்லையா? அதனால நானும் ரொம்பக் கட்டாயப்படுத்தல."

மகள் சுவரடியில் கிடந்த ஒரு செதிலை எடுத்தாள். முன்பக்கம் பிரைமரின் சாம்பல் வெள்ளை. திருப்பினாள். பின்பக்கத்தில் ஒரு புருவம்.

அப்போதுதான் புரிந்தது. பிரைமர் தூளான சுண்ணாம்பில் ஊறி இறங்கி, அடியிலிருந்த எனாமலைக் கவ்விப் பிடித்திருந்தது. மேலே இருந்ததைச் சுரண்டச் சுரண்ட உள்ளே இருந்ததும் சேர்ந்து வந்தது.

"அப்பா, நிறுத்துங்க. முகம் பேர்ந்து வருது."

அப்பா அவள் கையிலிருந்ததைப் பார்த்தார். தன் காலடியில் குவிந்திருந்ததைப் பார்த்தார். தகட்டைத் தரையில் வைத்தார். சுவரில் அவர் சுரண்டிய இடத்தில் வெறும் காரை தெரிந்தது.

"என்னம்மா, அப்பாவா?" என்று மேலிருந்து ஒரு குரல். மேலாளர் படியில் நின்றிருந்தார். வந்து வெகுநேரம் ஆனவர்போல் கைப்பிடியில் சாய்ந்திருந்தார். "வயசானவரு. இந்தத் தூசி அவருக்கு ஒத்துக்காது. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க."

அப்பாவைப் பற்றி அவரிடம் அவள் ஒரு வார்த்தையும் சொன்னதில்லை. அந்த முதல் கூட்டம் அவளுக்கு மெல்ல நினைவுக்கு வந்தது. சுரங்கப்பாதையில ஒரு சுவர் சும்மாத்தானே கிடக்கு என்று யாரோ சொன்ன பிறகல்லவா அவள் துள்ளிக்கொண்டு கையைத் தூக்கினாள்? அந்த யாரோ சிரித்துக்கொண்டிருந்தார். பிரைமரும் எங்க கணக்குல என்றவரும் அவரே. அவளாகக் கேட்டாளா, கேட்கவைத்தார்களா? எவ்வளவு யோசித்தும் அவளால் அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை.

அன்று பிடித்த இருமல் அப்பாவை விடவில்லை. பேச்சும் குறைந்துபோனது. கட்டிலோரச் சுவரில் விரலைத் தேய்த்துத் தேய்த்துப் பார்ப்பார். மழைக்காலம் வரும் முன்பே போய்விட்டார்.

ஓவியம் முடிந்துவிட்டது. நீல வானத்தில் பறவைக் கூட்டம். எல்லோரும் அதன் முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அவள் வேலையை விட்டுவிட்டாள். ஆனாலும் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் படியின் மேல் யாராவது ஒருவர் கைப்பிடியில் சாய்ந்து நின்றுகொண்டிருக்கிறார். ஒவ்வொரு முறையும் வேறு ஆள்.

பொறுக்கி வைத்திருந்த செதில்களை ஒருநாள் தையல்காரம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவள் மிஷின் பலகையில் அவற்றைக் கவிழ்த்துப் பரப்பி, துணித் துண்டுகளைப் பொருத்துவதுபோல நகர்த்தி நகர்த்தி வைத்துப் பார்த்தாள். ஒரு காது, பாதிப் புருவம், சட்டைக் காலரின் முனை.

"இது எங்கண்ணன் புருவமா, வேற யாரோடதான்னு தெரியலையேம்மா."

பிறகு எல்லாவற்றையும் வாரி அவளுடைய கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

"உங்கப்பா எனக்கு முகத்தத்தானே தர்றேன்னாரு" என்றாள்.