திரும்பி வராத கேன்

மச்சானின் எண்ணெய்க் கேன் மஞ்சள் நிறம். வயிற்றில் இரண்டு பச்சைக் கோடுகள், கைப்பிடிக்குக் கீழே ஒரு பிறை. பிறையை வரைந்தவன் நான். அது வாழைப்பழம் மாதிரி வந்துவிட்டதென்று கரையே சிரித்தது. "கெம்பஸ் படிச்சவன் கீறின பிறை, அப்படித்தான் இரிக்கும்" என்று மச்சான் அதை எல்லோருக்கும் காட்டிக்கொண்டு திரிந்தார்.

எங்கள் கரையில் ஒவ்வொரு போட்டுக்காரரும் தன் கேனுக்கு ஓர் அடையாளம் வைத்திருந்தார். கடலில் எஞ்சினுக்கு எண்ணெய் முடிந்துபோனவன் துடுப்பின் நுனியில் சட்டையையோ சாரத்தையோ கட்டித் தூக்கிப் பிடிப்பான். அதைக் காண்கிறவன் போட்டைத் திருப்பிக்கொண்டு போய்த் தன்னிடம் மிச்சமிருக்கிற கேனைக் கொடுத்துவிட்டு வருவான். எந்த ஊர், என்ன பெயர் என்று கேட்பதில்லை. அடையாளத்தைப் பார்த்து விசாரித்து யாராவது கேனைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஒருமுறை உடப்புக்காரர்களிடம் போன கேன் மீன் லொறியில் பாலாவிச் சந்தி வரை வந்து, அங்கிருந்து பஸ்ஸில் ஏறி எங்கள் ஊருக்கு வந்தது. கைப்பிடியில் ஒரு பொட்டலம் கருவாடு கட்டியிருந்தது. யார் அனுப்பினார்கள் என்று இன்றுவரை தெரியாது.

மச்சான் என்றால் என் ராத்தாவின், அதாவது அக்காவின், கணவர். உம்மாவும் வாப்பாவும் தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு, கையில் அகப்பட்டதோடு வந்தவர்கள். வாப்பா உப்பளத்தில் கூலிக்குப் போய் எங்களை வளர்த்தார். ராத்தா எட்டாம் வகுப்போடு நின்றாள். நான் பல்கலைக்கழகம் வரை போனேன். எங்கள் குடும்பத்தில் அதற்கு முன் யாரும் போனதில்லை. படித்து முடித்து ஆசிரியர் நியமனத்துக்குக் காத்துக்கொண்டிருந்த காலத்தில் என் படிப்பால் ஊருக்குக் கிடைத்த பெரிய உபகாரம், நான் பேசிய சிங்களம்தான். மச்சானுக்கு மீன் சந்தைச் சிங்களம் நன்றாக வரும். விலை பேசுவார், சண்டை பிடிப்பார். கந்தோர்ச் சிங்களம், அதாவது அலுவலகங்களில் பேசுகிற சிங்களம், என்றால் நான் வேண்டும்.

வாடைக்காற்று அடிக்கும் காலத்தில் ஒருநாள் மச்சான் கேன் இல்லாமல் வந்தார். ஆலங்குடாவுக்கு நேரே, வெளிக்கடலில், மூன்று பேர் இருந்த போட் ஒன்றுக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார்.

"ஒரு கதையும் இல்ல. சலாமும் இல்ல, ஸ்தூதியும் இல்ல. வாங்கினானுகள், போனானுகள்" என்றார். ஸ்தூதி என்றால் சிங்களத்தில் நன்றி. எந்த இனத்தவர் என்றுகூட அவருக்குப் பிடிபடவில்லை.

நாட்கள் போயின. கேன் வரவில்லை. ராத்தா முணுமுணுத்தாள். "வரும், வரும்" என்றார் மச்சான்.

ஒரு காலையில் நான் பாண் தின்றுகொண்டே போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடற்படை ஒரு போட்டைப் பிடித்த செய்தி. வெளிநாட்டுக் கப்பலிலிருந்து நடுக்கடலில் இறக்கிய ஐஸ் போதைப்பொருளாம். ஆட்கள் இன்னொரு போட்டில் தாவித் தப்பிவிட்டார்களாம். பொலித்தீன் சுற்றிய பொதிகளை இறங்குதுறையில் வரிசையாக அடுக்கி, பக்கத்தில் சிப்பாய்கள் விறைப்பாக நின்றார்கள். பின்னால் எட்டிப் பார்த்த மச்சான் என் தோளில் ஓர் அடி போட்டார்.

"இந்தா! நம்மட கேன்!"

பொதிகளுக்கு அருகே மஞ்சள் கேன். பச்சைக் கோடு. என் வாழைப்பழப் பிறை. நான் பாணை வைத்துவிட்டுச் செய்தியை மறுபடி வாசித்தேன். அவருக்கோ காணாமல் போன ஆட்டைக் கண்ட சந்தோஷம்.

"வா தம்பி, போய் எடுத்துக்கிட்டு வருவம்."

"மச்சான், அது என்ன போட் எண்டு விளங்குதா ஒங்களுக்கு?"

"போட் அவனுகள்ட. கேன் என்டதானே?"

ராத்தா குசினியிலிருந்து ஓடிவந்தாள். "அல்லாஹ்வுக்காகச் செல்றன், போகாதீங்க. கேன் போனாப் போகட்டும்."

"போகாம இரிந்தாத்தான் புள்ள சந்தேகம் வரும். எங்கட அடையாளம் ஊருக்கே தெரியும். நாளைக்கு அவங்க தேடி வந்தா, ஏன் வந்து கேக்கல்ல எண்டு கேப்பாங்க. திரும்பி வராத கேன ஆள் போய்க் கேக்கிறதுதானே வழக்கம்?"

அவர் சொன்னதில் நியாயமும் இருந்தது, பைத்தியக்காரத்தனமும் இருந்தது. எங்கள் கரையில் பிறந்து வளர்ந்த ஒருவரைத் தவிர வேறு யாரும் அன்று கடற்படை முகாமின் வாசலுக்குப் போய், என் கேனைத் தாருங்கள் என்று கேட்டிருக்க மாட்டார்கள். நானும் கூடப் போனேன்.

அதிகாரி இளைஞர். என்னைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். மலைநாட்டுப் பக்கத்தவர் என்பது பேச்சில் தெரிந்தது. கதிரை காட்டி உட்காரச் சொன்னார். தேத்தண்ணி வந்தது. நான் விஷயத்தைச் சொல்லச் சொல்ல அவருடைய முகம் மாறியது.

"இவர் உண்மையிலேயே கேனைக் கேட்டுத்தான் வந்திருக்கிறாரா?"

"ஓம் சேர்."

"யாருக்குக் கொடுத்தாராம்?"

மச்சானிடம் கேட்டேன். "தெரியாது" என்றார்.

"தெரியாத ஆளுக்கு நடுக்கடலில் ஏன் எண்ணெய் கொடுக்க வேண்டும்?"

அதையும் கேட்டேன். மச்சான் அதிகாரியை ஒரு நல்ல மனிதருக்குப் பதில் சொல்வது போலப் பார்த்துச் சொன்னார்: "தெரியாத ஆள்தானே மாத்தயா கடல்ல கிடந்தான். தெரிஞ்ச ஆளத் தேடிப் போயா குடுக்கிறது?"

அதை நான் மொழிபெயர்த்தபோது சிங்களத்தில் அது கிண்டல் போல விழுந்தது. எனக்கே கேட்டது. அதிகாரி பேனையை மேசையில் வைத்துவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"தம்பி, நீங்கள் படித்தவர். என் இடத்தில் இருந்து யோசியுங்கள். இந்த எண்ணெய் இல்லாவிட்டால் அந்தப் போட் அங்கேயே நின்றிருக்கும். ஆட்களோடு பிடித்திருப்போம். இவர் ஒன்றில் பெரிய அப்பாவி, அல்லது பெரிய கெட்டிக்காரர். எது என்று எப்படித் தெரிந்துகொள்வது?"

 அவர் சொன்ன முதல் பாதி சரி. பள்ளிக்கூடத்தில் என் பக்கத்து மேசையில் இருந்தவன் இன்று ஐஸ் குடித்து, உம்மாவின் தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு போய் விற்றுவிட்டு, பஸ் நிலையத்தில் படுத்துக் கிடக்கிறான். என்னைக் கண்டால் அடையாளம் தெரியாதது போலப் பார்க்கிறான். கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரன் அவன். அந்தப் பொதிகள் இப்படியொரு கடல் வழியாகத்தான் அவனிடம் வந்து சேர்கின்றன. பிடிக்க வேண்டாமா? பிடிக்கத்தான் வேண்டும். ஆனால் என் பக்கத்தில் மச்சான் பிளேன்டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார்.

பிறகு பொலிஸ் வந்தது. வாக்குமூலம் எடுத்தார்கள். மச்சானின் போனை வாங்கிக்கொண்டார்கள். எங்கள் கரைக்கு வந்து போட்டின் பலகைகளுக்குக் கீழேயெல்லாம் தேடி, எஞ்சின் நம்பரைக் குறித்து, விசாரணை முடியும்வரை கடலுக்குப் போகக்கூடாது என்றார்கள். மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு எங்களைப் போகச் சொன்னார்கள். கேன் சான்றுப் பொருளாம். வழக்கு முடிந்தால்தான் கிடைக்கும்.

வாசலில் நின்ற கடற்படைச் சிப்பாய் ஒருவன் எங்களைக் கடக்கும்போது மெல்லச் சொன்னான்: "எங்கள் அப்பாவும் கொடுப்பார், சிலாபத்தில். என்ன செய்வது, மல்லி?" மல்லி என்றால் சிங்களத்தில் தம்பி. அதை அவன் உள்ளே வந்து சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவனுடைய வேலை என்ன ஆகியிருக்கும் என்பதும் எனக்குத் தெரியும்.

மச்சானின் போட் கரையில் கிடந்தது. அவர் மற்றவர்களின் வலையைத் தைத்துக் கொடுத்தார், கருவாடு காயப்போட்டார். ஊர் அவரோடு பேசியது. ஆனால் பேசும்போது சுற்றிப் பார்த்தது. முன்பு சிரித்தவர்கள் இப்போது பிறையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கடைசியில் அவர்மேல் ஒன்றும் இல்லையென்று போட்டை விட்டார்கள்.

அதற்குப் பிறகு மீனவர் சங்கக் கட்டடத்தில் கூட்டம். அதே அதிகாரி வந்தார். நான் மொழிபெயர்த்தேன். தெரியாத போட்டுக்கு எண்ணெயோ தண்ணீரோ கொடுக்க வேண்டாம், கிட்டப் போகவும் வேண்டாம், இந்த நம்பருக்கு உடனே சொல்லுங்கள், ஆபத்தில் இருப்பவர்களை நாங்கள் வந்து எடுப்போம் என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். நானும் மனதாரத்தான் மொழிபெயர்த்தேன்.

பின்வரிசையிலிருந்து ஒருவர் கத்தினார்: "கடலுக்க சிக்னல் வாறல்ல எண்டு செல்லு! அவரு வாற நேரம் அந்த மனிசன் மாலைதீவுக்குப் போயிருவான்!"

எல்லோரும் சிரித்தார்கள். இன்னொருவர், "போனா நல்லந்தானே, விசாவும் தேவல்ல" என்றார். என்ன சொல்கிறார்கள் என்று அதிகாரி கேட்டார். சிக்னல் போதாது என்று மட்டும் சொன்னேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு கரைக்குப் போனபோது எல்லோரும் கேன்களை மணல்தாள் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். சிவப்புப் புள்ளிகள், நீலப் பட்டை, ஒருவர் மகளின் பெயருக்கு முதலெழுத்து, எல்லாம் போய்க்கொண்டிருந்தன. யாரும் யாரையும் செய்யச் சொன்னதாகத் தெரியவில்லை. மச்சான் வாங்கிய புதுக் கேன் வெள்ளை. அதில் ஒன்றும் வரையச் சொல்லி அவர் என்னிடம் கேட்கவில்லை.

ஒருநாள் முற்பகலில், மச்சான் கடலிலிருந்து வழக்கத்துக்கு முன்னதாகவே வந்துவிட்டார். ராத்தா சோறு போட்டு வைத்தாள். தட்டில் கையை வைத்தபடி இருந்தார்.

"என்ன, மீன் இல்லையா?" என்றாள் ராத்தா.

"மீன் இரிக்கி." பிறகு, "சாரம் கட்டித் தூக்கினானுகள்" என்றார்.

"ஆரு?" என்றேன்.

"ரெண்டு பேர். ஒராள் எழும்பி நிண்டான், ஒராள் குந்திக்கிட்டு இரிந்தான். கண்டன். கேன் கால்மாட்டுலதான் இரிந்திச்சி. திருப்பல்ல. வந்துட்டன்."

ராத்தா, "நல்ல வேல செஞ்சீங்க" என்றாள். அவள் சொன்னது பயத்தில். சொல்லிவிட்டு அவளும் நிலத்தைப் பார்த்தாள்.

"வாட அடிக்கிது. வெளிக்கடலுக்குத்தான் தள்ளும்" என்றார் மச்சான். பிறகு என் பக்கம் திரும்பினார். "தம்பி, அந்த நம்பர எடு."

எடுத்தேன். நிலைமையைச் சிங்களத்தில் சொன்னேன். மறுமுனையில் ஒருவர், எனக்குப் பழக்கமில்லாத ஒருவர், பெயர் கேட்டார், ஊர் கேட்டார், நான் கண்டேனா என்று கேட்டார். கண்டவர் என் மச்சான் என்றேன். அவருடைய பெயர்? நான் மச்சானைப் பார்த்தேன். போன முறை பெயர் கொடுத்ததால் எத்தனை நாள் கரையில் கிடந்தார் என்பது மூவருக்கும் தெரியும். ராத்தா தலையை ஆட்டி வேண்டாம் என்றாள்.

மச்சான் போனை என் கையிலிருந்து வாங்கித் தன் சந்தைச் சிங்களத்தில் பெயரைச் சொன்னார். தன் வாப்பாவின் பெயரையும் சேர்த்துச் சொன்னார். எந்தத் திசை, எந்தக் கடற்பாறைக்கு நேரே, எந்த நேரம், எல்லாம் சொன்னார். மறுமுனை ஏதோ கேட்டது.  எனக்கும் அது காதில் விழுந்தது. இவ்வளவு கிட்டக் கண்டீர்களே, கொஞ்சம் எண்ணெய் கொடுத்திருக்கலாமே, ஏன் கொடுக்கவில்லை என்று அந்த மனிதர் கேட்டுக்கொண்டிருந்தார். குற்றம் சொல்லும் தொனியில் இல்லை. உண்மையிலேயே தெரியாமல் கேட்டார்.

மச்சான் போனை என்னிடம் தந்துவிட்டுக் கை கழுவினார். வெள்ளைக் கேனைத் தூக்கிக்கொண்டு கரைக்கு நடந்தார். ராத்தா வாசல்வரை போய், கூப்பிடாமல் நின்றாள். சோற்றை இன்னொரு தட்டால் மூடி வைத்தாள். நண்பகல் லுஹர் பாங்கு சொல்லும்போது எஞ்சின் சத்தம் கேட்டது.

அந்தி மஃரிப் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னர்தான் திரும்பினார். அவர் போய்ச் சேர்ந்தபோது கடற்படைப் படகு அந்த இருவரின் போட்டைக் கட்டியிழுத்து வந்துகொண்டிருந்ததாம். உடப்பு ஆட்கள், அப்பனும் மகனும். குந்தியிருந்தவர் அப்பன், வயிற்றுவலியாம். கடற்படை மச்சானையும் மறித்திருக்கிறது. மீன் பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தார்களாம்.

"கேன் யாருக்குக் கொண்டு போறாய் எண்டு கேட்டான்" என்றார்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எண்ணெய் இல்லாதவனுக்கு எண்டன். ஆரு அது எண்டான்."

காய்ந்துபோன சோற்றைப் பிசைந்துகொண்டு அவர் சொன்னார்: "தெரியாது எண்டன். உண்மையா தெரியாதுதானே, தம்பி?"