ஞாயிற்றுக்கிழமை மட்டும் போட்ட மாத்திரை

முதல் அதிர்ச்சி மோட்டார் சைக்கிளில் போகும்போது வந்தது. ஜார்ஜ்டவுனிலிருந்து பாயான் லெப்பாஸுக்குக் காலை ஷிப்டுக்காகப் போய்க்கொண்டிருந்தேன். லேன் மாறுவதற்காக வலப்பக்கக் கண்ணாடியைப் பார்த்தேன். கண் திரும்பிவிட்டது, மூளை பின்தங்கிவிட்டது. இரண்டுக்கும் நடுவில் பின்மண்டையிலிருந்து உதடு வரை மின்சாரம் மாதிரி ஒன்று தெறித்தது. பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்தது. நான் லாரிக்காரரைத் திட்டினேன். பினாங்கில் என்னைத் தவிர யாருக்கும் வண்டி ஓட்டத் தெரியாது என்பது என் நெடுநாள் கருத்து.

இதைப் படிக்கிறவரின் தலைக்குள்ளும் இப்போது அதே மின்சாரம் அடித்துக்கொண்டிருக்கலாம். நிதானமாக உட்கார்ந்து படிக்க முடியாது என்று தெரியும். எனக்கும் அப்போது இரண்டு வரிக்கு மேல் ஓடவில்லை. ஆகவே முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்களுக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை. மனச்சோர்வுக்குப் போடும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். நிறுத்திவிட்டீர்கள் என்றால் வெட்கப்படாமல் டாக்டரிடம் போங்கள். அவ்வளவுதான். அவசரம் உள்ளவர்கள் இங்கேயே கிளம்பலாம்.

கல்லூரிக் கடைசி ஆண்டில் எனக்கு மனச்சோர்வு வந்தது. காரணம் கேட்காதீர்கள், எனக்கே தெரியாது. பரீட்சை ஹாலில் பேனாவைத் திறக்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன். டாக்டர் ஒரு ஆன்டிடிப்ரெசன்ட் (மனச்சோர்வைக் குறைக்கும் மாத்திரை) எழுதிக் கொடுத்தார். பெயர் சொல்லமாட்டேன். சொன்னால் உங்கள் மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்த்து இன்னும் பயப்படுவீர்கள். அது நன்றாக வேலை செய்தது. பட்டம் வாங்கினேன், வேலை கிடைத்தது, சிரித்தேன், சண்டை போட்டேன்.

ஆனால் ஒரு கேள்வி என்னை அரித்துக்கொண்டே இருந்தது. சிரிப்பது நானா, மாத்திரையா? கோபம் வரவில்லை என்றால் நான் பொறுமைசாலி ஆகிவிட்டேனா, இல்லை மருந்து என்னை அமுக்கி வைத்திருக்கிறதா? மாத்திரை இல்லாத ஷெரின் எப்படி இருப்பாள் என்று பார்த்தே ஆகவேண்டும் என்று தோன்றிவிட்டது. எனக்கு ஒன்று தோன்றிவிட்டால் உடனே நடக்கவேண்டும்.

தவக்காலம் வந்தது. நாங்கள் கத்தோலிக்கர்கள். சாம்பல் புதன் அன்று மாலை, நெற்றியில் சாம்பலோடு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, ஈஸ்டர் வரை யார் எதை விடப்போகிறோம் என்று சொல்வது எங்கள் வீட்டு வழக்கம். அம்மா இறைச்சியை விட்டார். அப்பா தே தாரிக்கை (நுரை பொங்க ஆற்றிய பால் தேநீர்) விட்டார்.

"நீ எதம்மா விடுற?" என்று அம்மா கேட்டார்.

"நோன்ப ரகசியமா இருக்கச் சொல்லித்தானே ஃபாதர் இன்னிக்கிப் பிரசங்கத்துல சொன்னாரு? சொல்லமாட்டேன்."

"கைப்பேசியா இருக்கும்," என்றார் அப்பா. "ரெண்டு நாளுக்குத் தாங்குமா பாப்போம்."

நான் விட்டது மாத்திரையை.

இதில் ஒரு உள்விவகாரம் இருக்கிறது. தவக்கால நோன்பில் ஞாயிற்றுக்கிழமை கணக்கில் வராது. அது ஆண்டவர் உயிர்த்த நாள், அன்று விரதம் கிடையாது. எங்கள் வீட்டில் அன்று கோழி வேகும், அப்பா தே தாரிக் குடிப்பார். நானும் சட்டத்தை மதிக்கிறவள். ஞாயிறு காலை பூசைக்குக் கிளம்புமுன் ஒரு முழு மாத்திரை போட்டுக்கொள்வேன். மெல்லக் குறைக்கவேண்டும் என்று எங்கேயோ படித்திருந்தேன். ஏழு நாளிலிருந்து ஒரு நாள் என்றால் குறைத்தல்தானே? என் கணக்கு அது. நான் இன்ஜினியரிங் படித்தவள் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

லாரி ஹாரன் அடித்தது அந்த முதல் வாரத்தில்தான். பிறகு தொழிற்சாலையில் ஆரம்பித்தது. நான் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு, முகமூடி, கண் மட்டும் வெளியே. மைக்ரோஸ்கோப்பில் மின்னணுச் சில்லுகளை வரிசை வரிசையாகப் பார்க்கவேண்டும், இடமிருந்து வலம், மறுபடி இடமிருந்து வலம். ஒவ்வொரு வரிசை முடிவிலும் மின்சாரம். இதற்கு பிரெய்ன் ஸாப் (தலைக்குள் ஷாக் அடித்ததுபோல் ஓர் உணர்வு) என்று பெயர் இருப்பது அப்போது எனக்குத் தெரியாது.

கால் ஓர் இடத்தில் நிற்காது. உட்கார்ந்தால் எழுந்திருக்கவேண்டும், எழுந்தால் நடக்கவேண்டும், நடந்தால் தரை படகு மாதிரி ஆடும். வியர்வை. குமட்டல். ராத்திரி தூக்கமில்லை. கைப்பேசியில் ஒரு பால்மாவு விளம்பரம் பார்த்து அழுதேன். ஐந்தே நிமிடத்தில், லிப்ட் மெதுவாக வருகிறது என்று அதை உதைத்தேன். உடுப்புக்குள் அழுவது தனிக் கொடுமை. கண்ணைத் துடைக்க முடியாது, முகமூடி நனைந்து மூக்கில் ஒட்டிக்கொள்ளும், மாற்றுவதற்கு வெளியே போய் எல்லாவற்றையும் கழற்றவேண்டும்.

அப்படி வெளியே வந்து நின்ற ஒரு மதியம் நஸ்ரின் பிடித்துக்கொண்டாள். பக்கத்து மேசைக்காரி, அவள் அப்பா நாசி கண்டார் சோற்றுக் கடை வைத்திருக்கிறார். அந்த வருடம் எங்கள் தவக்காலமும் அவர்கள் ரமலானும் சேர்ந்து வந்திருந்தது.

"ஏய், நோன்பு புடிக்கிறது நானு லா. மூஞ்சி ஏன் உனக்கு வத்திப் போச்சு?"

"நானும் நோன்புதான்."

"என்னாத்த விட்ட? சோறயா?"

சொல்லிவிட்டேன். தூங்காத ஆளிடம் ரகசியம் நிற்காது.

"எங்கள்ல ஒடம்பு முடியலன்னா நோன்பே கெடயாதுடி. நல்லா ஆனதும் விட்ட நோன்ப புடிச்சிக்கலாம். நீ என்னடான்னா மருந்தயே நோன்பு வெச்சிருக்க. எந்த ஊரு சட்டம் இது?"

"ஞாயித்துக்கெழம போடுறேன்ல."

"அட, வாரத்துக்கு ஒருவாட்டி மூச்சு விட்டா போதுமா ஒனக்கு? டாக்டரப் போய்ப் பாருடி. நீ போகலன்னா ஒங்கம்மாவுக்கு நான் போன் போடுவேன். நம்பர் இருக்கு எங்கிட்ட."

போனேன். நஸ்ரினின் மிரட்டலுக்காக மட்டும் இல்லை. எனக்குள் வேறொரு பயம் வளர்ந்திருந்தது. இதுதான் மாத்திரை இல்லாத ஷெரினா? லிப்டை உதைத்து, பால்மாவுக்கு அழுகிற இந்த ஆள்தான் நிஜம் என்றால், நான் ஆயுசுக்கும் மாத்திரைக்குப் பின்னால்தான் ஒளிந்திருக்கவேண்டும். நோய் திரும்பிவிட்டது, தோற்றுவிட்டேன் என்று முடிவே கட்டிவிட்டேன்.

மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டர் மாலினியிடம் நோன்பைப் பற்றி வாய் திறக்கவில்லை. "பழைய நோய் திரும்பிடுச்சு டாக்டர்," என்று மட்டும் சொன்னேன்.

"தெனமும் இப்படியா?"

"ஞாயித்துக்கெழம நல்லா இருக்கு. திங்களும் பரவால்ல. புதன் வந்தா செத்தேன்."

"ஞாயித்துக்கெழம அப்படி என்ன விசேஷம்?"

"பூசைக்குப் போவேன். பாட்டுக் கேட்டதும் தலை தெளிஞ்சிரும். ஆண்டவர் அருள்னு நெனச்சேன்."

"சரி. பூசைக்கு முன்னாடி என்ன பண்ணுவீங்க?"

"குளிப்பேன். மாத்திரை போடுவேன்."

பேனாவை மேசைமேல் வைத்தார். "ஞாயித்துக்கெழம மட்டும் போடுறீங்களா?"

முழுக் கதையையும் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். பிறகு நிதானமாக விளக்கினார். பழைய நோய் திரும்பினால் மெல்ல வரும், வாரக்கணக்கில், மாதக்கணக்கில். மருந்தை நிறுத்தியவுடன் சில நாளிலேயே, தலைச்சுற்றலோடும் ஷாக்கோடும் பாய்ந்து வந்து, ஒரு மாத்திரை போட்டதும் அடங்குகிறது என்றால் அது வித்ட்ராயல் (மருந்துக்குப் பழகிய மூளை அது இல்லாமல் திண்டாடுவது).

"மாத்திரை இல்லாத ஷெரின் யாருன்னு பாக்க ஆசப்பட்டீங்க. நீங்க பாத்தது அவங்கள இல்ல. மருந்து கெடைக்காம கத்துற ஒரு மூளைய. அதுவும் வாராவாரம் ஒருதடவ கொடுத்துட்டு மறுபடி புடுங்கிட்டீங்க. பாவம்."

நான் இத்தனை நாள் தோற்றுக்கொண்டிருந்த சண்டையே வேறு. மூச்சு வந்த மாதிரி இருந்தது. அடுத்த நொடியே மாட்டிக்கொண்டேன். பழைய அளவுக்குத் திரும்பவேண்டும் என்றார். இன்று முதல். தினமும்.

"ஈஸ்டர் வரைக்கும் தாங்கிட்டு அப்புறம் ஆரம்பிக்கட்டுமா?"

"மோட்டார்லதானே வந்தீங்க?" என்று என் ஹெல்மெட்டைப் பார்த்து மட்டும் கேட்டார்.

அன்று மாலையே அம்மாவிடம் சொன்னேன். தேம்பி அழுது ஜெபமாலையை எடுப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் பள்ளிக்கூட அலுவலகத்தில் கிளார்க், நேராக விசாரணைக்குப் போய்விட்டார்.

"ஆண்டவர் ஒங்கிட்ட வந்து மாத்திரையக் கேட்டாரா?"

"இல்லம்மா."

"நான் எறச்சிய விடுறேன்னா எனக்கு எறச்சி மேல ஆச. ஒங்கப்பாவுக்கு தே தாரிக் மேல ஆச. ஒனக்கு மாத்திரை மேல ஆசயா? ஆச இல்லாதத விட்டா அது என்ன ஒறுத்தல்? நாளைக்கு நான் மூக்குக்கண்ணாடிய விட்டுட்டேன்னு சொல்லிட்டு காடி ஓட்டுறேன், நீ பின்னால ஒக்காந்து வா."

அப்பா சிரித்துவிட்டார். அம்மா அவரையும் முறைத்தார். பிறகு என் மோட்டார் சாவியை எடுத்துத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டார். "தலை நிக்கிற வரைக்கும் கம்பெனி பஸ்ல போ. விடணும்னு வெறி இருந்தா அவசரத்த விடு. அதான் ஒனக்கு ரொம்ப புடிச்சது."

அது குத்தியது. ஒரு குவளைத் தண்ணீரோடு மாத்திரையை விழுங்கினேன். இரண்டு மூன்று நாளில் ஷாக் நின்றது, தரை தரையானது. ஈஸ்டரன்று எல்லாரும் தாங்கள் விட்டதைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். என்னுடையது ஏற்கனவே கையில் இருந்தது.

சில வாரம் கழித்து ஒழுங்காக ஆரம்பித்தோம். டேப்பரிங் (மருந்தின் அளவைப் படிப்படியாகக் குறைப்பது). முழுசிலிருந்து முக்கால், அங்கேயே பல வாரம், பிறகு அரை. நடுவில் நாள் விட்டுவிட்டுப் போடுவது கிடையாது. கொஞ்சமாகப் போட்டாலும் தினமும் போடவேண்டும். ஒவ்வொரு படியிலும் ஒரு வாரம் எரிச்சலும் வியர்வையும் வரும், பிறகு அடங்கும். முக்காலுக்கு வந்தது சுலபம். அதே வேகத்தில் அரையிலிருந்து காலுக்குத் தாவலாம் என்றேன்.

"கீழ போகப் போக படி ஒசரம்," என்றார் டாக்டர். "கடைசிக் கொஞ்சம்தான் மூளைக்குப் பெரிய கொஞ்சம்."

நம்பவில்லை. தாவினேன். திரும்பவும் லிப்டை உதைத்தேன். அரைக்குத் திரும்பி வந்து, அதைவிடச் சின்னப் படிகளாக இறங்கினேன். இந்த முறை தோற்றதாகத் தோன்றவில்லை. படி தவறினால் ஒரு படி மேலே ஏறிக்கொள்வது தோல்வியில் சேராது. இதைப் படிக்கிறவர்கள் இந்த ஒன்றையாவது நம்புங்கள்.

இப்போது கால் பங்குக்கும் கீழே இருக்கிறேன். எப்போது முடியும் என்று டாக்டரிடம் கேட்பதை விட்டுவிட்டேன். முன்பெல்லாம் உடம்பு நான் ஓட்டுகிற வண்டி, முறுக்கினால் ஓடவேண்டும். இப்போது அது பக்கத்து வீட்டில் குடியிருக்கும் ஆள் மாதிரி. அதற்கும் தனியாக ஒரு கடிகாரம் இருக்கிறது. கதவைத் தட்டிவிட்டுக் காத்திருக்கவேண்டும். காத்திருக்க எனக்கு இன்னமும் பிடிக்கவில்லை, கால் ஆடிக்கொண்டேதான் இருக்கிறது.

போன சனிக்கிழமை சமையலறையில் உட்கார்ந்திருந்தேன். திடீரென்று அழுகை வந்தது, நிற்காமல். அம்மா கரண்டியோடு ஓடிவந்தார்.

"என்னா? கொறச்சதாலயா? ஷாக் அடிக்குதா? டாக்டருக்கு போன் அடிக்கட்டா?"

நானும் பயந்துதான் போனேன். சோதித்துப் பார்த்தேன். கண்ணை இடது பக்கம் ஓட்டினேன், வலது பக்கம் ஓட்டினேன். ஒன்றும் தெறிக்கவில்லை. தரை ஆடவில்லை. முந்தின இரவு நன்றாகத் தூங்கியிருந்தேன். எதையும் உதைக்கத் தோன்றவில்லை.

"இல்லம்மா. நஸ்ரினுக்கு புக்கிட் தெங்கா பேக்டரிக்கு மாத்தலாயிருச்சு. திங்கள்ல இருந்து பக்கத்து மேசையில இருக்கமாட்டா. அதான்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

அம்மா கரண்டியைத் தாழ்த்தினார். "அப்ப அழு," என்று சொல்லிவிட்டு அடுப்புக்குத் திரும்பினார்.

அழுதேன். யாரும் தடுக்கவில்லை, எந்த மருந்தும் வந்து நிறுத்தவில்லை. கொஞ்ச நேரத்தில் அது தானாகவே ஓய்ந்தது. பசி எடுத்தது.