தெற்கே சாய்ந்த கோடு

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். டென்மார்க்கில், ரண்டர்ஸ் நகரத்து இறைச்சித் தொழிற்சாலை ஒன்றில் பெட்டி அடுக்குகிறேன். நாலு பேர் கூடினால் வாய் திறக்க மாட்டேன். ஆனால் வடதுருவ ஒளி எப்போது எங்கள் பக்கம் இறங்கும் என்று எனக்குத் தெரியும். இடைவேளைகளில் கைபேசியில் வரைபடங்களைப் பார்த்துப் பார்த்துப் பழகியது.

பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று, சூரியப் புயலின் பலம். அதை ஒன்பது வரை எண்ணால் சொல்வார்கள். மற்றது ஒரு சிவப்புக் கோடு. சூரியனிலிருந்து வரும் காற்றின் காந்தம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று அது காட்டும். கோடு வடக்கே நின்றால், எண் ஏழாக இருந்தாலும் வானம் கறுப்புத்தான். தெற்கே விழுந்தால்தான் ஒளி வரும். அதையும் செயற்கைக்கோள் அரை மணி, முக்கால் மணி முந்தித்தான் சொல்லும்.

என் மனைவியின் அண்ணன் பொறியியலாளர். என்னிடம் கேட்டதை எங்கள் தமிழ்க் குடும்பங்களின் வட்ஸ்அப் குழுவில் தன் கணிப்பாகப் போடுவார். எல்லோரும் அவரைப் புகழ்வார்கள். அதைக்கூடப் பொறுத்தேன். அவருடைய மகளின் பிறந்தநாளில் ஒருவர் அவரிடம், "உங்கடை மச்சானும் வானம் பாக்கிறவராமே?" என்று கேட்டார்.

"இவரோ? சூரியன் எந்தப் பக்கம் உதிக்குதெண்டு கேட்டாலே மனுசியின்ரை முகத்தைத்தான் பாப்பார்!"

மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன்.

நான்கு மாதம் காத்திருந்தேன். தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவர் தொலைபேசி எடுத்தார்.

"என்ன மச்சான், இண்டைக்கு எத்தினை?"

"ஏழு," என்றேன்.

பொய்யில்லை. கோடு வடக்கே நின்றது. அதை அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவர் வழக்கம்போலக் குழுவில் போட்டு எல்லோரையும் கடற்கரைக்குக் கூப்பிட்டார்.

மாலை ஆறு மணிக்கு, நன்றாக இருட்டிய பிறகு, கடற்கரையில் பன்னிரண்டு கார்கள் நின்றன. எங்களுடையது கடைசி. அவர் மணலில் நின்று வடக்கே கை நீட்டி விளக்கம் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒரு மணி நேரம் போனது. இரண்டு மணி நேரமும் போனது.

"அண்ணை, உங்கடை வெளிச்சம் லீவிலை போட்டுதோ?" என்று யாரோ கேட்க, பழைய சிரிப்பு மறுபடி கேட்டது. இந்தத் தடவை அவருக்காக. குளிரில் பிள்ளைகள் டேனிஷில் சிணுங்கத் தொடங்கினார்கள்.

எல்லோரும் தேநீர்ப் போத்தல்களை மூடும் நேரம் கைபேசியைப் பார்த்தேன். கோடு தெற்கே விழுந்திருந்தது. ஆழமாக. இன்னும் அரை மணி நேரம் நின்றால் போதும். கைபேசியைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

கார்கள் ஒவ்வொன்றாகத் திரும்பின. அந்தச் சின்னவர்களை நினைத்தால் மட்டும் இப்போதும் கொஞ்சம் உறுத்தும்.

"நாங்களும் போவமே?" என்றாள் மனைவி.

"கொஞ்சம் இரும்."

முதலில் கடலுக்கு மேலே புகை போல ஒரு வெளுப்பு. பிறகு பச்சை. பிறகு தலைக்கு மேல் வரை சிவப்புத் தூண்கள். அவ்வளவு சிவப்பை நான் அதற்கு முன் கண்டதில்லை.

"ஐயோ, பிள்ளையள் எல்லாம் போட்டுதுகள்! அண்ணைக்கு ஒருக்கா போன் அடிச்சுச் சொல்லுங்கோ."

"வேண்டாம்."

என்னைத் திரும்பிப் பார்த்தாள். "உங்களுக்கு முதலே தெரியுமே?"

"ஓம்."

அவள் போய்க் காருக்குள் ஏறிக் கதவை அடித்துச் சாத்தினாள். நான் ஒளி மங்கும் வரை நின்று படம் எடுத்தேன். பிறகு, முதல் தடவையாக, குழுவில் நானே போட்டேன்: 'அதே இடம். நீங்கள் போய் அரை மணியில்.'

உடனே அவர் அழைத்தார். "நீ அங்கையே நிண்டனீ? ஏன்ரா எனக்குச் சொல்லேல்லை?"

"எனக்குச் சூரியன் உதிக்கிற பக்கமே தெரியாதே, மச்சான்."

மனைவி ஒரு கிழமை கதைக்கவில்லை. குழுவில் இப்போது என்னைத்தான் கேட்கிறார்கள். உடனே பதில் போடுகிறேன். அவர் குழுவை விட்டுப் போய்விட்டார். எப்போதாவது தனியாக எழுதி, இண்டைக்கு எப்பிடி என்று கேட்பார். அவருக்கும் உண்மையைத்தான் எழுதுகிறேன், ஒரு மணி நேரம் கழித்து.