பிமான் லிஸியான் நங்கூரம் தூக்கிய மாலை

லிஸியான் ராதெகோன்டை மாஹே தீவின் துறைமுகத்தில் யாரும் முழுப்பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பிமான் என்பார்கள். அந்தத் தீவுக்காரர்கள் பேசும் கிரியோல் மொழியில் மிளகாய். சின்ன வயதில் அவள் கோபத்துக்கு வைத்த பெயர், முப்பத்தெட்டு வயதிலும் ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்காகவும் அவள் கோபப்படுவாள்.

‘லா பெல்’ என்ற உல்லாசப் பாய்ப்படகில் அவள் சமையல்காரி. ஒரு வாரம், பத்து நாள் என்று தீவு தீவாகச் சுற்றி ஆமையும் பறவையும் பார்க்க வரும் வெளிநாட்டுக்காரர்களுக்கு அந்தப் படகின் சின்ன அடுப்பில் பல வருடங்களாகச் சமைத்துப்போட்டவள். போன வருடம் படகோட்டும் பரீட்சை எழுதித் தேறினாள். முதலாளி மிஸ்யே ஆர்லான் புதிதாக இன்னொரு படகு வாங்கியிருந்தார். அதற்கு அவளைக் கப்தேன் ஆக்குவதாக வாய்விட்டே சொல்லியிருந்தார்.

"ஆனா ஒண்ணு, லிஸியான். விருந்தாளிங்க உன்னைப் பத்தி நல்லபடியா சொல்லணும். உன் வாயைக் கட்டிக்கோ."

கட்டிக்கொண்டாள். அந்த ஜூன் மாதப் பயணம் முடிந்தால் சுக்கான் அவள் கைக்கு வரும். அதை நினைத்துத்தான் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள்.

அந்தப் பயணத்தில் வந்தவர்கள் கோர்பன் என்பவரும் அவர் மனைவி ஹெடாவும். கோர்பன் உயரமானவர், கழுத்தில் எந்நேரமும் தொலைநோக்கி தொங்கும். பறவைகள் என்றால் உயிர் என்று ஏறும்போதே சொன்னார். லிஸியானுக்கு அது பிடித்திருந்தது. மீன் தொட்டியைப் பார்ப்பதுபோலக் கடலைப் பார்க்கிற ஆட்களுக்குச் சமைத்துச் சமைத்து அவளுக்கு அலுத்திருந்தது.

தெற்குக் காற்று பலமாக வீசிக்கொண்டிருந்த ஒரு காலையில், தி ரோஷ் என்ற குட்டித் தீவுக்கு அருகே படகு நங்கூரமிட்டது. ஆலா என்னும் கடற்பறவைகள் முட்டையிடும் பருவம் அது. கூடெல்லாம் கட்டாது அந்தப் பறவை. வெறும் தரையில் ஒற்றை முட்டையை இட்டு, மேலே உட்கார்ந்துகொள்ளும். அதனால் இந்த மாதங்களில் தீவில் யாரும் கால் வைக்கக் கூடாது. படகிலிருந்தே பார்க்க வேண்டும்.

கோர்பன் கால் வைக்கவில்லை. பெட்டியைத் திறந்து ட்ரோனை எடுத்தார்.

"மிஸ்யே, அது வேணாம். பறவைங்க மிரண்டுடும்" என்றாள் லிஸியான், சமையலறைக் கதவிலிருந்து.

"ரொம்ப உயரத்துலதான் பறக்கும். கவலைப்படாதீங்க. பேட்டரி தீந்தா, கிளம்பின இடத்துக்குத் தானாவே திரும்பி வந்துடும். அவ்வளவு புத்திசாலி" என்று சிரித்தார் அவர்.

அது தீவுக்கு மேலே போன உடனே பறவைகள் கும்பலாக எழுந்தன. அவ்வளவு கூச்சலில் அடுப்பின் சத்தம்கூடக் கேட்கவில்லை. லிஸியான் கப்தேன் ஜெர்வேயின் தொலைநோக்கியைப் பிடுங்கிக்கொண்டு பார்த்தாள். காவலற்ற முட்டைகளை நோக்கிப் பாறை இடுக்குகளிலிருந்து அரணைகள் ஓடிவந்தன. ஒரு முட்டையை நாலைந்து அரணைகள் உருட்டிக் கல்லில் மோதி உடைத்தன. உடைந்ததைச் சுற்றி இன்னும் பல வந்தன.

"ஜெர்வே அண்ணே, பாருங்க! சொல்லுங்க அவர்கிட்ட!"

ஜெர்வே அவளுக்குப் பெரியப்பா மகன். யாரிடமும் சண்டைக்குப் போகாதவர். "நீ கப்தேன் ஆகணுமா வேணாமா?" என்றார். "அப்போ உள்ள போய் வெங்காயம் நறுக்கு."

அவள் வெங்காயம் நறுக்கினாள். நறுக்கியது வெங்காயத்தையா, வேறு எதையாவதா என்று பலகைக்குத்தான் தெரியும்.

அன்று மதியச் சாப்பாட்டுக்கு அவள் வேறொன்றைத் திட்டமிட்டிருந்தாள். வெளித்தீவுகளுக்குச் சரக்குப் படகில் போய்வரும் அவள் அண்ணன், அந்த வருடத்தின் முதல் ஆலா முட்டைகளை ஒரு கூடை நிறைய அனுப்பியிருந்தான். அந்த முட்டைக்காக வருடம் முழுவதும் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு காத்திருக்காத வீடு மாஹேயில் கிடையாது. முதல் முட்டை வந்தால் தனியாகத் தின்னக் கூடாது. வீட்டில் யார் இருக்கிறார்களோ, படகில் யார் இருக்கிறார்களோ, எல்லோர் தட்டிலும் விழ வேண்டும். காலையில் அவ்வளவு நடந்த பிறகும் அவள் அந்த வழக்கத்தை மீறவில்லை. தேங்காய்ப்பாலில் கறி வைத்தாள். கொஞ்சம் முட்டையை அவித்து, உப்பும் மிளகாயும் தூவி நடுவில் வைத்தாள். மஞ்சள் கரு நல்ல செம்மஞ்சளாகப் பழுத்திருந்தது.

ஹெடா இரண்டு தின்றாள். மூன்றாவதை எடுத்தபடி, "என்ன ருசி! இது என்ன முட்டை?" என்று கேட்டாள்.

"ஆலா முட்டை, மதாம். இந்த வருஷத்தோட முதல் முட்டை. உங்களுக்காகத்தான்" என்றாள் லிஸியான். அன்று அவள் மனதாரச் சிரித்தது அப்போதுதான்.

கோர்பனின் முள்கரண்டி தட்டில் விழுந்தது.

"ஆலான்னா… காலையில பார்த்தோமே, அந்தப் பறவையா?"

"இந்தத் தீவுல எடுத்தது இல்லை, மிஸ்யே. வெளித்தீவுல அனுமதி வாங்கி எடுக்கறது. பாதித் தீவை யாரும் தொடவே மாட்டாங்க. எடுத்த பக்கத்துலயும் பறவை மறுபடி முட்டை இடும்."

"நான் பார்க்க வந்த உயிரை எனக்கே சமைச்சுப் போடறீங்களா?" அவர் எழுந்துவிட்டார். தட்டைப் படம் எடுத்தார். கூடையைப் படம் எடுத்தார். பிறகு அவளையும். "இந்தப் படகுல காட்டுயிரைக் கொல்றாங்கன்னு உங்க முதலாளிக்குத் தெரியுமா?"

ஹெடா கையிலிருந்த முட்டையைச் சத்தமில்லாமல் வாயில் போட்டுக்கொண்டாள்.

சாயங்காலத்துக்குள் மிஸ்யே ஆர்லான் போனில் வந்துவிட்டார். அவர் கத்தியது ஜெர்வேக்கும் கேட்டது.

"மன்னிப்புக் கேளு! கோழி முட்டைதான், விளையாட்டுக்குச் சொன்னேன்னு சொல்லு!"

"கோழி முட்டை அந்த நிறத்துல இருக்குமா, மிஸ்யே? உங்க வீட்டுக்கும்தானே ஒரு கூடை வந்துச்சு? நீங்க தின்னீங்க இல்ல?"

"நான் தின்னதை யாரும் படம் எடுக்கலை! அந்த ஆள் திருப்தியா இறங்கணும். இல்லேன்னா புதுப்படகை மறந்துடு."

போன் வைத்த பிறகு அவள் வெகுநேரம் அடுப்பைத் தேய்த்தாள். அது ஏற்கெனவே சுத்தமாக இருந்தது. தன்னைக் கொலைகாரி என்று நினைக்கிற ஒருவரிடம் போய், தன் ஊரே ஆசையாகத் தின்னும் சாப்பாட்டைப் பொய் சொல்லி மறைக்க வேண்டும். பதிலுக்குச் சுக்கான் கிடைக்கும். ஈரக்கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு மேல்தளத்துக்கு ஏறினாள்.

"மிஸ்யே கோர்பன். மதியம் நடந்ததுக்கு… மன்னிச்சிடுங்க."

கோழி முட்டை என்ற பொய்யை அவள் சொல்லவில்லை. அதற்கு அவசியமும் வரவில்லை. கோர்பன் பெருந்தன்மையோடு அவள் தோளைத் தட்டினார்.

"பரவாயில்லை, லிஸியான். உங்க தப்பில்லை. உங்களுக்கு யாரும் சொல்லித்தரலை. பறவைகளை நேசிக்கக் கத்துக்கணும். அவ்வளவுதான்."

சொல்லிக்கொண்டே மறு கையால் ட்ரோனை எடுத்துத் தளத்தில் வைத்தார். மாலை வெளிச்சம் பொன்னாக இருக்கிறது என்றார். அது எழுந்தது. தீவை நோக்கிப் போனது. காலையில் மிரண்டு, மெல்ல மெல்ல ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்திருந்த பறவைகள் மறுபடியும் அலறிக்கொண்டு எழுந்தன.

லிஸியான் கத்தவில்லை. துறைமுகத்தில் இதைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். நேராகச் சுக்கானுக்குப் போனாள். இன்ஜினை முடுக்கினாள். படகு போய்விட்டால் அந்த ஆள் பொம்மையைக் கூப்பிட்டுத்தானே ஆக வேண்டும்? அவள் நினைத்தது அது மட்டும்தான்.

முன்பக்கம் நின்றிருந்த ஜெர்வேயைப் பார்த்து, "நங்கூரத்தைத் தூக்குங்க" என்றாள்.

"பைத்தியமாடி உனக்கு?"

"தூக்குங்க அண்ணே."

ஜெர்வே அவளைப் பார்த்தார், தீவைப் பார்த்தார். பிறகு முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, "நான் எதையும் பாக்கலை" என்று நங்கூர மோட்டாரின் பொத்தானை அமுக்கினார்.

படகு காற்றின் முதுகில் ஏறி ஓடியது. கோர்பன் தடுமாறி விழப்போய்க் கம்பியைப் பிடித்தார். "நிறுத்துங்க! அது இன்னும் மேலே இருக்கு!" என்று அலறினார். அவசரத்தில் ட்ரோனைத் திருப்பியழைக்கும் பொத்தானை அமுக்கினார். ட்ரோன் சொன்ன சொல் தவறாமல் திரும்பி வந்தது. கிளம்பிய இடத்துக்கே வந்தது. படகுதான் அங்கே இல்லை. வெறும் தண்ணீருக்கு மேலே கொஞ்ச நேரம் நின்று, மெதுவாக, பத்திரமாக, கடலுக்குள் இறங்கியது.

ஹெடாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து, முடியாமல், அறைக்குள் ஓடினாள்.

லிஸியான் திரும்பிப் பார்க்கவில்லை. பறவைகள் இறங்குகின்றனவா என்று மட்டும் பார்த்தாள். இருட்டும்வரை அந்தப் படகை அவள்தான் ஓட்டினாள். ஜெர்வே சுக்கானைக் கேட்கவில்லை.

மாஹே துறையில் மிஸ்யே ஆர்லான் காத்திருந்தார். ட்ரோன், கெட்ட பெயர், நன்றிகெட்ட ஜென்மம் எல்லாம் அவர் வாயிலிருந்து வந்தன. கடைசியில் ஜெர்வேயிடம் திரும்பினார். "நீ கப்தேன்தானே? என்ன நடந்துச்சு? அந்த ஆள் முதல்ல என்ன செஞ்சாரு?"

ஜெர்வே தன் செருப்பைப் பார்த்துக்கொண்டே, "நான் எதையும் பாக்கலை" என்றார்.

கோர்பன் மேல் வந்த கோபம் அவளுக்கு எப்போதோ தணிந்துவிட்டது. ஜெர்வே மேல் வந்த இந்தக் கோபம் இன்னும் தணியவில்லை. ஒரே குடும்பம், ஒரே சர்ச். ஆனாலும் ஜெர்வே உட்காரும் வரிசையில் அவள் உட்காருவதில்லை.

புதுப்படகு கைக்கு வரவில்லை. இப்போது அவள் பிராஸ்லின் தீவுக்குச் சிமெண்டும் மணலும் ஏற்றிப்போகும் படகுக்குக் கப்தேன். மழைக்கோட்டிலும் தலைமுடியிலும் சிமெண்ட் தூசி. முதல் முட்டை வரும்போது மூட்டை தூக்குகிறவர்கள் தட்டில்தான் போடுகிறாள்.

அவள் சரக்கு ஏற்றும் துறைக்குப் பக்கத்தில், மிஸ்யே ஆர்லானின் டிக்கெட் கடையின் வெளிச்சுவரில் ஒரு பெரிய படம் ஒட்டியிருக்கிறது. மேலிருந்து எடுத்த தி ரோஷ் தீவு. வானம் கொள்ளாத ஆலாக் கூட்டம். அந்தக் காலையில் எடுத்ததுதான். கோர்பன் அனுப்பி வைத்திருக்கிறார்.

போன வாரம் ஒரு சுற்றுலாப் பெண் அதற்கு முன்னால் நின்று, "எவ்வளவு ஆனந்தமா பறக்குது பாருங்க" என்றாள்.

சிமெண்ட் மூட்டைகளுக்கு நடுவிலிருந்து லிஸியான் கத்தினாள்.

"அது ஆனந்தம் இல்லை, மதாம். பயம்! கீழே முட்டையைப் பாருங்க, யாராவது உட்கார்ந்திருக்காங்களா?"

கடைக்குள்ளிருந்து யாரோ, "பிமான் ஆரம்பிச்சுட்டா" என்று சிரித்தார்கள். ஆனால் அந்தப் பெண் சிரிக்கவில்லை. மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, படத்தின் அடிப்பகுதிக்குக் குனிந்து, வெறும் தரையில் கிடந்த புள்ளிகளை உற்றுப் பார்த்தாள்.