வேளாங்கண்ணி மொட்டை

எழுபதுகளில் எங்கள் ஆம்பூர் மாதா கோயிலில் இருந்த உபதேசியார், நெட்டை மனிதர், ஜெபமாலையை விரலில் உருட்டிக்கொண்டேதான் பேசுவார். மூன்று மாதமாக வாய் திறக்காத என் மகளுக்காக ஜெபிக்க அவரை அழைத்தேன். ஜெபித்து முடித்தவர், "வேலூர்ல மனநோய் டாக்டர்கிட்ட காட்டுங்க சார்" என்றார்.

"ஊருக்குத் தெரிஞ்சா இவளை எவன் கட்டுவான்?"

"வேளாங்கண்ணி போறோம்னு சொல்லிட்டுப் போங்க. வரும்போது மொட்டை போட்டுக்குங்க, நம்பிடுவாங்க. மாதா கோச்சுக்க மாட்டாங்க. செவ்வாய், வெள்ளி டாக்டர் இருப்பாரு."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நானே மூணு தடவ மொட்டை போட்டிருக்கேன்."

வேலூர் ஆஸ்பத்திரி வராந்தாவில் என் கையிலிருந்த ஜெபமாலைதான் என்னைத் தாங்கியது. மகள் பேசினாள். தெருவே என் மொட்டையைப் பார்த்து மாதாவைப் புகழ்ந்தது. எதிர்வீட்டம்மா, காரணமில்லாமல் அழுதுகொண்டிருக்கும் தன் மகனை எங்கே கூட்டிப்போகலாம் என்று கேட்டாள்.

"வேளாங்கண்ணிக்கு" என்றேன். உபதேசியாராக இருந்திருந்தால் டாக்டர் வரும் கிழமையையும் சொல்லியிருப்பார்.