முக்பில் வீட்டுத் தோட்டாக்கள்

முக்பில் வீட்டுக் கீழ்த்தளத்தில் ஆடு மாடு கட்டுவதில்லை. பைத் சாபிர் என்ற அந்த மலையூரில் மற்ற இருபத்து மூன்று வீடுகளிலும் அங்கேதான் கட்டுவார்கள். குளிர்காலத்தில் கால்நடைகளின் சூடு மேல்மாடிகளுக்கு ஏறும். முக்பில் வீடு மட்டும் அந்த மாதங்களில் வெறும் கல்லாகக் குளிர்ந்து கிடக்கும். அங்கே அடுப்பு மூட்டக் கூடாது, விளக்கு கொண்டு போகக் கூடாது. கீழே இருந்தவை ஊரின் தோட்டாக்கள். பதினோரு மரப்பெட்டிகள்.

ஊற்றுத் தண்ணீருக்காகக் கீழ்ப் பள்ளத்தாக்கு ஆட்களோடு சண்டை முற்றி இரண்டு பேர் செத்த வருடம், ஊர் கூடி முடிவெடுத்தது. வீட்டுக்கு இவ்வளவு என்று தோட்டா கொடுக்க வேண்டும். எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே இருக்க வேண்டும். யார் கூரை என்பதில்தான் இழுபறி. வசதியானவன் வீட்டில் வைத்தால் அவனே தலைவனாகிவிடுவான். வசதியில்லாதவன் அம்ரான் சந்தையில் விற்றுவிடுவான். தம்பிகளும் மச்சான்களும் நிறைய இருப்பவன் வீடு என்றால், கல்யாணத்துக்குக் கல்யாணம் வானத்தைப் பார்த்துச் சுட்டே தீர்த்துவிடுவார்கள். கடைசியில் யாரோ முக்பில் பெயரைச் சொன்னார்கள். தன் கல்யாணத்திலேயே ஒரு தோட்டாகூடச் சுடாத மனிதர். அன்று மாப்பிள்ளையைக் கருமி என்று சிரித்தவர்கள், பத்து வருடம் கழித்து அதே குணத்துக்காகச் சாவியைக் கையில் கொடுத்தார்கள்.

அப்போது முக்பிலுக்கு முப்பத்தாறு வயது. மூன்று பெண்களுக்குப் பிறகு பிறந்த சர்ஹானுக்கு ஒன்று.

விதி எளிமையானது. இருபத்து நான்கு வீட்டு ஆண்களும் கூடிச் சம்மதிக்காமல் ஒரு தோட்டா வெளியே போகாது. போனால், சுட்டதன் வெற்றுக்கூடும் சுடாத தோட்டாவும் திரும்பி முக்பிலிடம் வர வேண்டும். மத்தியஸ்தர்கள் செய்துவைத்த சமாதானம் இருபத்து இரண்டு வருடம் தாக்குப்பிடித்தது. அத்தனை வருடமும் ஒரு தோட்டா வெளியே போகவில்லை.

எண்ணெய் பூசுவது அவருடைய சொந்த யோசனை. முதல் மழைக்காலம் முடிந்து பெட்டிகளைத் திறந்தபோது, பின்சுவரை ஒட்டியிருந்த பெட்டியில் ஏழெட்டுத் தோட்டாக்களில் பச்சை படிந்திருந்தது.  கத்திக்கும் கதவுக் கீலுக்கும் அவர் அறிந்த மருந்து ஒன்றுதான், நல்லெண்ணெய். அந்த வருடத்திலிருந்து சோளம் அறுத்து முடிந்ததும், மதியத் தொழுகைக்குப் பின் நாளுக்கு ஒரு பெட்டி என்று உட்கார்ந்துவிடுவார். கம்பளித் துணியை எண்ணெயில் நனைத்து ஒவ்வொன்றாகத் துடைப்பார். மேலெல்லாம் முடிந்த பிறகு அடிப்பக்கம். சுடும்போது துப்பாக்கி ஊசி வந்து அடிக்கும் அந்தச் சின்னப் பொட்டின் மேல் ஒரு சொட்டு விட்டு விரலால் அழுத்தித் தேய்ப்பார். அங்கேதானே துரு முதலில் பிடிக்கும் என்பது அவர் கணக்கு.

வருடத்துக்கு ஒரு தகரம் எண்ணெய் இதிலேயே போயிற்று. மனைவி தகிய்யா ஒவ்வொரு வருடமும் வாசற்படியில் நின்று ஒரு வார்த்தை சொல்லாமல் போகமாட்டாள். "உங்க தோட்டாவுக்கு இருக்கிற மேனி நான் பெத்ததுங்க ஒண்ணுக்கும் இல்ல." அவர் சிரித்துக்கொள்வார். பிற்பகலில் லேசாகக் கிறக்கம் தரும் காத் இலை மெல்ல வரும் ஊர்க்காரர்கள் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்வார்கள். தங்கம் மாதிரி மின்னும். இப்படி ஒரு காவல்காரன் யாருக்குக் கிடைப்பான் என்று பேசிக்கொண்டே படியேறுவார்கள்.

சர்ஹானுக்குப் பதினைந்து வயதில் ஒரு நாள் சந்தேகம் வந்தது.

"ஒண்ணே ஒண்ணு சுட்டுப் பாப்போமா அப்பா? நல்லா இருக்கான்னு தெரிஞ்சுக்கலாம்."

"இது யாரு வீட்டுத் தோட்டா?"

"ஊரோடது."

"அப்ப ஊரக் கேட்டுட்டு வா."

 தோட்டா நல்லதா என்று அறிய அதைச் சுடுவது ஒன்றுதான் வழி. சுடுவதோ நம்பிக்கைத் துரோகம். இந்த முடிச்சை முக்பில் முடிச்சாகவே நினைத்ததில்லை.

மத்தியஸ்தம் செய்த ஷேக் இறந்தார். அடுத்தடுத்து மூன்று வருடம் மழை பொய்த்தது. ஊற்றில் ஊரார் வைத்த பம்பின் குழாயைக் கீழ்ப் பள்ளத்தாக்கு ஆட்கள் வந்து உடைத்தார்கள். மறுநாள் ஊர் கூடி முக்பில் வீட்டுப் பூட்டைத் திறக்கச் சம்மதித்தது. ஆறு ஆறு பேராக, மூன்று நாளைக்கு ஒரு முறை மாற்றி, பம்பைக் காவல் காக்க ஏற்பாடு. ஆளுக்கு முப்பது தோட்டா. சீட்டுப் போட்டதில் முதல் ஆறு பேரில் சர்ஹான் வந்தான்.

மற்ற ஐந்து பேருக்கும் வீடுகள் தாமதமாகக் கொடுத்துப் பின்னால் வந்து சேர்ந்த பெட்டிகளிலிருந்து எடுத்துக் கொடுத்தார் முக்பில். மகனுக்கு மட்டும் முதல் பெட்டி. எல்லாவற்றையும் விட அதிக வருடம், அதிகக் கவனத்தோடு எண்ணெய் கண்ட பெட்டி. வாழ்க்கையில் அவர் செய்த ஓரவஞ்சனை அந்த ஒன்றுதான்.

மூன்றாம் நாள் காலையில் வெடிச்சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம்தான். நண்பகலுக்கு முன்பே சர்ஹானை ஒரு கதவின் மேல் கிடத்திக் கொண்டுவந்தார்கள்.

அடக்கம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு ஜுப்ரான் அவரைச் சோளக்களத்துப் பக்கம் ஒதுக்கிக் கூட்டிப் போனான். முக்பிலின் சித்தப்பா மகன். அந்த ஆறு பேரில் ஒருவன். சர்ஹானுக்கு அடுத்த பாறைக்குப் பின்னால் இருந்தவன்.

"அண்ணே, அவனுக்கு ஒண்ணுகூட வெடிக்கல."

"ஒண்ணுகூடவா?"

"விசைய இழுப்பான், டொக்குன்னு ஒரு சத்தம், அவ்வளவுதான். வெளிய தள்ளிட்டு அடுத்தத ஏத்துவான். அதுவும் டொக்கு. எங்களுக்குப் பாதியாவது வெடிச்சுது."

"ஆறு பேரு இருந்தீங்களேடா. அவன இழுத்துக்கிட்டுப் பின்னால வந்திருக்கலாமே."

"வந்திருப்பாண்ணே. வெளிய தள்ளுனத ஒவ்வொண்ணா பொறுக்கிப் பையில போட்டுக்கிட்டிருந்தான். விட்டுத்தொலடான்னு கத்துனேன். அப்பா கேப்பாருன்னான். ஏழாவது கொஞ்சம் தள்ளி உருண்டுபோச்சு. அத எடுக்கக் கைய நீட்டுனான்."

முக்பில் வீட்டுக்கு வந்து கீழ்க்கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டார். முதல் பெட்டியிலிருந்து ஒரு தோட்டாவை எடுத்துக் குறட்டால் முனையைத் திருகிப் பிடுங்கினார். வெடிமருந்து பொலபொலவென்று கொட்டியிருக்க வேண்டும். தட்டியும் வரவில்லை. ஆணியால் குத்தியபோது கட்டியாக விழுந்தது, நல்லெண்ணெய் வாசத்தோடு. இரண்டாவது, மூன்றாவது. நான்காவது பெட்டிக்குப் போனார். அங்கே சிலது உலர்ந்திருந்தது, சிலது இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் எது எது என்று சொல்ல முடியாது; எல்லாம் ஒன்றுபோல மின்னின.

ஏழாம் நாள் ஊர்ப் பெரியவர்கள் வந்தார்கள். ஜுப்ரான் அவர்களிடமும் சொல்லியிருந்தான். யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் முக்பிலுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். எல்லாம் அல்லா எழுதினது என்றார்கள். சுட்டுப் பார்க்காமல் இருந்தது நம் எல்லோருடைய தப்பும்தான் என்று ஒருவர் சொன்னார். புதுசு வாங்க ஊரில் யாரிடமும் வழியில்லை. விற்றுக் காசு பார்க்கும் காத் செடியே காய்ந்துகொண்டிருந்தது. எல்லோரிலும் மூத்த தஹான்தான் கடைசியாகப் பேசினார்.

"ஒரு வார்த்தை வெளிய போகக் கூடாது முக்பில். பொம்பளைங்க காதுக்குக்கூட. பொறந்த வீடு, வாக்கப்பட்ட வீடுன்னு எல்லா ஊர்லயும் சொந்தம் இருக்கு. நம்ம கிட்ட இருக்கிறது வெறும் பித்தளைன்னு கீழ இருக்கிறவனுக்குத் தெரிஞ்சா, நாளைக்கே ஊத்து அவன் கைக்குப் போயிரும். பூட்டு பூட்டாவே இருக்கட்டும். நீயும் எப்பவும் போலவே இரு."

முக்பில் தலையாட்டினார். வேறென்ன செய்வார்?

அன்று மாலை தகிய்யா மகனின் கோட்டைத் துவைக்க எடுத்தாள். மார்புப் பக்கம் இருந்த ரத்தத்தை நனைக்கும் முன் பைகளைத் துழாவினாள். ஆறு தோட்டாக்கள். ஒவ்வொன்றின் அடிப்பொட்டிலும் ஊசி குத்திய பள்ளம். துப்பாக்கி உள்ள வீட்டில் பிறந்து வளர்ந்தவள். அதன் அர்த்தத்தை யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கொண்டுவந்து கணவர் முன்னால் வரிசையாக வைத்தாள். கொடுத்த வாக்கு அவர் வாயில் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னார், எண்ணெய் உட்பட.

அவள் அழவில்லை. 

"கிணத்தடியில ஒரு பேச்சு நடக்குது. அவன் மேகசின் நிறைஞ்சே இருந்துச்சாம், துப்பாக்கி சூடேறவே இல்லையாம். பயத்துல கை வரலையாம். அது இல்லைன்னு மட்டுமாவது நான் சொல்லலாமா?"

"சொல்லக் கூடாது."

"அவன் ஏழு தடவ இழுத்தான்னு. அத மட்டும்."

"இழுத்தும் ஏன் வெடிக்கலன்னு அடுத்து கேப்பாங்க."

அவள் ஆறு தோட்டாக்களையும் தலைத்துணி முனையில் முடிந்துகொண்டு மாடிக்குப் போனாள். மறுநாள் கிணற்றடியில் யாரோ அவள் காதுபட அதையே மறுபடி பேசினார்கள். குடத்தை நிரப்பிக்கொண்டு வந்துவிட்டாள். அதன் பிறகு முக்பிலிடம் சாப்பாடு, கதவு, விறகு தவிர வேறெதையும் அவள் பேசியதாக யாருக்கும் ஞாபகம் இல்லை.

காவல் தொடங்கிய பதின்மூன்றாம் நாள் முறை சுற்றி மறுபடி முதல் ஆறு வீடுகளுக்கு வந்தது. மகனை இழந்த வீடு, கேட்டால் விட்டுவிடுவார்கள். கேட்க வேண்டாம், நாங்களே விட்டுவிட்டோம் என்று தஹான் ஆளனுப்பினார். முக்பில் வேண்டாம் என்றார். அந்த வீடு முறையை விட்டால் கிணற்றடிப் பேச்சு மகனோடு நிற்காது, அப்பன் புத்திதானே என்று வளரும். தன் பெயரைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. மகன் பேச்சை இன்னொரு முறை புதுப்பிக்க அவர் தயாராக இல்லை.

ஐம்பத்தெட்டு வயதில் பெட்டியைத் திறந்து தனக்கென்று முப்பது எடுத்தார். எந்தப் பெட்டி என்று பார்க்கவில்லை. தகிய்யா சோள ரொட்டியைத் துணியில் கட்டி வாசலில் வைத்திருந்தாள். 

பம்புக்கு மேலே, பாறைகளுக்கு நடுவில் உட்கார்ந்து துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டார். பள்ளத்துக்கு அந்தப் பக்கம், எதிர்ச்சரிவில், ஐந்தாறு தலைகள் தெரிந்தன. குண்டு எட்டாத தூரத்திலேயே இருந்தார்கள். இந்தப் பக்கத்துத் தோட்டாக்களை இன்னும் நம்புகிறார்கள்.

வெயில் ஏறிய பிறகு அவர்களில் ஒருவன் எழுந்து நின்றான். ஒரு காலத்தில் சந்தையில் முக்பிலின் கழுதைக்குப் பக்கத்தில் தன் கழுதையைக் கட்டியவன்தான்.

"முக்பில்! நீயேவா வந்திருக்க? வீட்டுல வேற ஆள் இல்லையா?"

"இல்ல" என்றார் முக்பில், அங்கே கேட்கும்படி.

அவன், அல்லா பொறுமையைக் கொடுக்கட்டும் என்று முறைப்படி துக்கம் சொன்னான். முக்பிலும் முறைப்படி பதில் சொன்னார். பிறகு அவன் பாறைக்குப் பின்னால் உட்கார்ந்து, துப்பாக்கி முனையை இந்தப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டான்.